பாலக்கோட்டுல இருந்து ஒரு வட்டம்: ரெண்டு பேர், ரெண்டு நாள், ஒரு போன்!

'மலைக்கு ஒரு ட்ரிப் போலாமா மச்சி?'ன்னு கேட்டா, நம்ம பசங்க வாயில முதல்ல வர்ற பேரு ஊட்டி. அடுத்தது கொடைக்கானல். ரெண்டும் அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா 2024 மே மாசத்துல இருந்து ரெண்டு ஊருக்கும் சொந்த வண்டியில போக இ-பாஸ் எடுக்கணும். 2025 சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு கணக்கே வெச்சாங்க. அரசு பஸ்ல போனா பாஸ் வேண்டாம். ஆனா லீவு நாள்ல பஸ்ல நின்னுக்கிட்டே மலையேறி, போட் ஹவுஸ் வாசல்ல கூட்டத்தோட கூட்டமா நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு இறங்கறதுக்கு ரெண்டு நாள் போயிடும்.

பாலக்கோட்டுக்காரங்களுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. ஊரைச் சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஏதோ ஒரு துண்டு கண்ணுல படும். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம், பாப்பாரப்பட்டி, திரும்ப பாலக்கோடு. மேப்ல பார்த்தா கிட்டத்தட்ட ஒரு வட்டம். ரெண்டு பேரு, ரெண்டு நாள், கையில ஒரு நல்ல போன் இருந்தா இந்த வட்டத்தைச் சுத்தி வந்துடலாம். எப்படிப் போறது, எங்க என்ன படம் எடுக்கறது, கூட வர்ற ஃப்ரெண்டோட சண்டை போடாம எப்படித் திரும்பறதுன்னு பார்க்கலாம்.

200 வருஷத்துக்கு முன்னாடியே ரெண்டு பேர் வந்தாங்க

இந்த ரூட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் சேர்ந்த இந்தப் பகுதிக்கு அப்போ பாராமகால்னு பேரு. திப்பு சுல்தானோட நடந்த மூணாவது மைசூர்ப் போர்ல, 1791-ல ராயக்கோட்டையை கிழக்கிந்திய கம்பெனிப் படை பிடிச்சது. 1792-ல போர் முடிஞ்சு பாராமகால் கம்பெனி கைக்குப் போச்சு. அதே வருஷம் தாமஸ் டேனியல்னு ஒரு ஓவியர், தன் அண்ணன் மகன் வில்லியம் டேனியலைக் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தார். பெரியவருக்கு நாப்பது சொச்சம் வயசு, சின்னவருக்கு இருபது சொச்சம். இன்னைக்கு பைக் ட்ரிப் போற எந்தப் பையனோட வயசும் அதுதான்.

அவங்ககிட்ட கேமரா கிடையாது. ஃபோட்டோகிராஃபி கண்டுபிடிக்கவே இன்னும் பல வருஷம் இருந்தது. ஆனா 'கேமரா அப்ஸ்க்யூரா'ன்னு ஒரு இருட்டுப் பெட்டி வெச்சிருந்தாங்க. ஒரு பக்கம் லென்ஸ். எதிர்ல இருக்கற மலையோட பிம்பம் உள்ள காகிதத்து மேல விழும். அதை அப்படியே பென்சில்ல கோடு போட்டு எடுத்துக்குவாங்க. அப்புறம் லண்டனுக்குப் போய் அதையெல்லாம் அச்சுப் படமா செதுக்கி, 1795-ல இருந்து 1808 வரைக்கும் 144 படங்களா வெளியிட்டாங்க. அந்தத் தொகுப்புல ராயக்கோட்டை இருக்கு, ஓசூர் இருக்கு, பாராமகாலோட வேற மலைக்கோட்டைகளும் இருக்கு. நெட்டுல தேடினா இன்னைக்கும் பார்க்கலாம். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. ரெண்டு விஷயம் கண்ணுல படும்.

ஒண்ணு, மலைக்கோட்டையை அவங்க பெரும்பாலும் தூரத்துல நின்னு, கீழ இருந்துதான் வரைஞ்சிருக்காங்க. மேல ஏறி நின்னு எடுத்தா ஊர் தெரியும், மலை தெரியாது. ரெண்டாவது, படத்தோட முன்பக்கத்துல சின்னதா ஒரு மனுஷன், ஒரு மாடு, ஒரு மரம்னு ஏதாச்சும் இருக்கும். அது இருந்தாத்தான் பின்னாடி நிக்கற மலை எவ்ளோ பெருசுன்னு கண்ணுக்குப் புரியும். 'நேர்ல பார்க்கறப்போ பிரமாண்டமா இருந்துச்சு, போட்டோல சப்புன்னு இருக்கு'ன்னு நாம புலம்பறோமே, அதுக்கு மருந்து இதுதான். கூட வந்த ஃப்ரெண்டை அம்பது அடி முன்னாடி நடந்து போகச் சொல்லுங்க. கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், சும்மா நடந்தாப் போதும்.

முதல் ஸ்டாப் நம்ம தக்காளி மார்க்கெட்

மலைக்குத்தானே கிளம்பறோம், ஊருக்குள்ள என்ன போட்டோன்னு நினைக்க வேண்டாம். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை விடியக்காலையில பார்த்தவங்களுக்குத் தெரியும். கிரேடு கிரேடா அடுக்கின சிவப்பு, லாரி ஹெட்லைட் வெளிச்சம், காதுல பென்சில் சொருகின மண்டிக்காரர், டீ கிளாஸ்ல இருந்து கிளம்பற ஆவி. வெளியூர்க்காரன் இதுக்காகவே பஸ் ஏறி வரலாம். நமக்குத் தினமும் பார்க்கற இடங்கறதால கேமராவை எடுக்கவே தோணறதில்லை.

இங்க ஒரு சின்ன வெளிச்சக் கணக்கு. விடியறதுக்கு முன்னாடி டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தா போன் படத்தைப் பச்சையோ மஞ்சளோ ஆக்கும், தக்காளி சிவப்பு செத்துடும். வானம் லேசா வெளுக்க ஆரம்பிச்ச அந்த இருபது நிமிஷம்தான் சரியான நேரம். ஜனவரியில சூரியன் வர 6.45 ஆகும், மே மாசம்னா ஆறுக்கு முன்னாடியே வந்துடும். அதுக்கேத்த மாதிரி எந்திரிங்க.

இன்னொரு விஷயம். 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்போ இந்த மார்க்கெட்டைத் தேடி எல்லா சேனல் கேமராவும் வந்துச்சு. விலை விழுந்து, பறிக்கிற கூலிகூட கட்டாம ரோட்டோரம் கொட்டற நாளும் இங்க உண்டு. சிவப்பு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், ஃப்ரேம்ல பிரமாதமா இருக்கும். அது ஒரு குடும்பத்தோட மூணு மாச உழைப்பு. அதை எடுங்க, தப்பில்லை. ஆனா அது முன்னாடி நின்னு ரெண்டு விரலைக் காட்டி போஸ் கொடுக்காதீங்க. பக்கத்துலயே அந்த விவசாயி நின்னுக்கிட்டு இருப்பார்.

ராயக்கோட்டை: முதல்ல கீழ, அப்புறம் மேல

பாலக்கோட்டுல இருந்து ஓசூர் ரோட்டுல மாரண்டஅள்ளி தாண்டினா ராயக்கோட்டை. பஸ் இருக்கு, பைக்லயும் போகலாம். ரயிலும் இந்தப் பக்கம்தான் போகுது. (ரயில்னதும் ஒரு துணுக்கு: 1906-ல மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி நேரோகேஜ் ரயில் விட்டாங்க. 1913-ல அதை ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டு இருந்த 1941-ல அதை மூடிட்டாங்க. இப்போ ஓடற அகல ரயில்பாதை அதுக்கு ரொம்பப் பின்னாடி வந்தது.)

ராயக்கோட்டை மலைக்கோட்டை தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. காலை வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஏறிடறது நல்லது. தண்ணி ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில இருக்கணும். ஆனா ஏறறதுக்கு முன்னாடி டேனியல் ஆளுங்க பண்ணின மாதிரி ஊருக்கு வெளிய ஒரு வயலோரம் நின்னு மலையை முழுசா ஒரு படம் எடுத்துக்குங்க. வயல்ல வேலை செய்றவங்க, மேயற ஆடு, ஏதாச்சும் ஒண்ணு முன்னாடி இருக்கட்டும்.

மேல ஏறினதும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான். போனை நீட்டி, பின்னாடி ஊர் தெரிய ஒரு செல்ஃபி. அதை முடிச்சுட்டு, கொஞ்சம் கீழ குனிஞ்சு பாருங்க. இடிஞ்ச மதில், கல்லு சந்துல முளைச்ச செடி, பாறையில தேங்கின தண்ணியில தெரியற வானம். இந்த மூணு க்ளோஸ்-அப் இல்லாம கோட்டைக்குப் போனதுக்கு அடையாளமே இருக்காது, எல்லாக் குன்று மேல இருந்து பார்த்தாலும் ஊர் ஒரே மாதிரிதான் தெரியும். மதில் மேல 'ராஜா ஐ லவ் யூ'ன்னு சுரண்டி வெச்சவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்லை. தொல்லியல் சட்டம் சொல்லும்.

பாறை விளிம்புல உக்காந்து கால் தொங்கப் போட்டு எடுக்கற போட்டோ வேணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு. விளிம்புல இருந்து ரெண்டு மூணு அடி உள்ள தள்ளி ஃப்ரெண்டை உக்கார வெச்சு, நீங்க கேமராவைத் தரையோட ஒட்டி கீழ இறக்கி எடுத்தா, பின்னாடி பள்ளம் மட்டும்தான் தெரியும். பார்க்கறவனுக்கு விளிம்புல உக்காந்த மாதிரியேதான் இருக்கும். அம்மா போன் பண்ணித் திட்டற அளவுக்கு நம்பும்படியா வரும்.

தளி பனியும் ஒரு சின்ன பொத்தானும்

ராயக்கோட்டையில இருந்து கெலமங்கலம் வழியா தேன்கனிக்கோட்டை, அங்கேயிருந்து தளி. கடல் மட்டத்துல இருந்து 3,000 அடிக்கு மேல. வெள்ளைக்காரன் காலத்துல 'லிட்டில் இங்கிலாந்து'ன்னு சொல்லியிருக்காங்க. ரீல்ஸ்ல இந்தப் பேரைப் போட்டு, எங்கேயோ எடுத்த பச்சைப் புல்வெளியை ஒட்டி விடறாங்க. போய்ப் பார்த்தா நீங்க நினைச்ச இங்கிலாந்து இருக்காது. வெள்ளை வெள்ளையா பசுமைக்குடில்கள் இருக்கும். உள்ள ரோஜாவும் குடமிளகாயும் வளருது. இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்துல கொய்மலருக்கான மையம் ஒண்ணு தளியிலதான் இருக்கு. ஏமாந்துட்டோம்னு திரும்பிடாதீங்க. காலைப் பனியில வரிசையா நிக்கற பசுமைக்குடிலு, சைக்கிள் கேரியர்ல ரோஜாக் கட்டு, இதெல்லாம் வேற எந்த மலை ஊர்லயும் கிடைக்காது. தளியைத் தளியாவே எடுங்க.

நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் இந்தப் பக்கம் பனி நல்லா விழும். பனியை போன்ல எடுத்தா பல பேருக்கு அழுக்குச் சாம்பல் நிறத்துல வருது. காரணம் இதுதான். போன் கேமரா தான் பார்க்கற எல்லாத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃப்ரேம் முழுக்க வெள்ளையா பனி இருந்தா 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு நினைச்சு இருட்டாக்கிடும். அதனால திரையைத் தொட்டதும் பக்கத்துல வர்ற சூரியன் படத்தை விரலால கொஞ்சம் மேல தள்ளுங்க. பனி வெள்ளையாகும்.

ஒகேனக்கல் அருவியில இதுக்கு நேர் எதிர். சுத்திக் கரும்பாறை, நடுவுல வெள்ளைத் தண்ணி. போன் பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், தண்ணி வெறும் வெள்ளைப் பேப்பரா போயிடும். அங்க அதே சூரியனைக் கீழ இறக்கணும். பனிக்கு மேல, அருவிக்குக் கீழ. போன்ல வேற எந்த செட்டிங்கும் தெரியலைன்னாலும் இந்த ஒண்ணு போதும், பாதிப் படம் பொழைச்சுக்கும். லென்ஸைத் துடைக்கறதையும் சேர்த்துக்கிட்டா முக்கால்வாசி.

ராத்திரி தேன்கனிக்கோட்டையில தங்கிக்கலாம். பெரிய ஊர் வசதி வேணும்னா ஓசூர் இருக்கு.

யானை வர்ற ஊர்ல லொக்கேஷன் போடாதீங்க

இந்த ட்ரிப்லயே நான் நிறுத்தி நிதானமா சொல்ல விரும்பற இடம் இது.

தேன்கனிக்கோட்டையில இருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல் இறங்கற ரோடு காட்டு வழி. 2014-ல காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் அறிவிச்சாங்க. 2022-ல 686 சதுர கிலோமீட்டர்ல காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமும் வந்துச்சு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகள்ல பெரும்பகுதி இப்போ இந்த ரெண்டுக்குள்ள அடங்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தோட காவிரி சரணாலயம். யானைக்கு மாநில எல்லை தெரியாது. ராகி முத்தற சமயத்துல பன்னர்கட்டா பக்கம் இருந்து கூட்டம் கூட்டமா ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். விவசாயிங்க ராத்திரி பரண் மேல உக்காந்து, தகரத்தைத் தட்டிக்கிட்டு, விடிய விடிய காவல் காப்பாங்க.

2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கத்துல ஒரு வயல்ல சட்டவிரோதமா போட்டிருந்த மின்வேலியில சிக்கி 3 யானைகள் செத்துப்போச்சு. கூட வந்த 2 குட்டிங்க மட்டும் தப்பிச்சது. நம்ம பாலக்கோடு வனச்சரகத்துலதான் நடந்தது. அதே மாசம்தான் ஊட்டியில வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் கிடைச்சது. அந்தப் படத்துல வர்ற பொம்மன் அப்போ தாயைப் பிரிஞ்ச ஒரு குட்டி விஷயமா நம்ம தர்மபுரி மாவட்டத்துக்குத்தான் வந்திருந்தார். உலகமே யானைப் படத்துக்குக் கை தட்டின அதே வாரங்கள்ல, யானையும் விவசாயியும் ஒரே ராகிக் கதிருக்காக மோதிக்கிட்ட இடம் நம்ம ஊர்.

இதுக்கும் உங்க போனுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. பஸ்ஸோ பைக்கோ போறப்போ ரோட்டோரம் யானை தெரிஞ்சா, நூத்துக்குத் தொண்ணூறு பேரு வண்டியை நிறுத்தி வீடியோ எடுக்கறாங்க. பின்னாடி வர்ற வண்டியும் நிக்கும். ரோட்டைக் கடக்க நின்ன யானைக்கு வழி அடைபட்டுப் போகும், குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம்னு ஆகிடும். அப்புறம் அது துரத்தறது யானையோட தப்பு இல்லை. இதுவரைக்கும் தப்பிச்சவங்க வீடியோதான் உங்க ஃபீட்ல வந்திருக்கு. யானை தெரிஞ்சா தூரத்துலயே நிறுத்துங்க, ஹார்ன் அடிக்காதீங்க, இறங்காதீங்க. வழி விட்டு, அது போனப்புறம் போங்க. போட்டோ வரலைன்னா வரலை.

எடுத்துட்டீங்கன்னாலும் எந்த இடம்னு போடாதீங்க. 'தேன்கனிக்கோட்டை பக்கம் இந்த ஏரிக்கரையில டெய்லி யானை வருது'ன்னு ஒரு ரீல்ஸ் ஓடினா, அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த ஏரிக்கரையில அம்பது பைக் நிக்கும். கூட்டம் சத்தம் போட்டா யானை அங்கேயே நிக்காது. எந்தப் பக்கம் அமைதியா இருக்கோ அந்தப் பக்கம் திரும்பும். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தரோட ராகி வயல் இருக்கும், பரண் மேல அவர் இருப்பார்.

கேமரா செட்டிங்ஸ்ல 'லொக்கேஷன் டேக்'னு ஒண்ணு இருக்கும். காட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அதை ஆஃப் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோ அனுப்பினா அந்த இட விவரம் போகாது. ஆனா குவாலிட்டி குறையக் கூடாதுன்னு 'டாக்குமென்ட்'டா அனுப்பறோமே, அப்போ ஜி.பி.எஸ் புள்ளி உட்பட எல்லாமே கூடவே போகும். இது பல பேருக்குத் தெரியறதில்லை.

ரோட்டை விட்டு இறங்கி காட்டுக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும். ஒதுக்குக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது 1882-ம் வருஷத்து வனச் சட்டப்படியே குத்தம். சரணாலயத்துக்குள்ள 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துக்கும். ட்ரோன் பத்திக் கேக்கவே வேண்டாம், வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. இந்த ரோட்டுல பஸ் குறைவு. பைக்னா காலை ஒன்பதுக்கு மேல கிளம்பி, மதியத்துக்குள்ள ஒகேனக்கல் இறங்கிடற மாதிரி வெச்சுக்குங்க. சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

'அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?'

அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் டீக்கடையில உக்காந்தா ஒரே பெஞ்சுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கேக்கும். இருளர் குடியிருப்புகளும் வழியில வரும். முகத்தைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. தமிழ்ல கேட்டாலே போதும், தெலுங்குல 'ஒக போட்டோ தீசுகோவச்சா?'ன்னோ கன்னடத்துல 'ஒந்து போட்டோ தெகெயபகுதா?'ன்னோ கேட்டா முகத்துல வர்ற சிரிப்பே தனி. வேண்டாம்னு தலையாட்டினா அதோட விட்டுடணும். தூரத்துல இருந்து ஜூம் பண்ணி எடுக்கறது திருட்டு வேலை, படமும் நல்லா வராது.

குழந்தைங்கன்னா அம்மாவையோ அப்பாவையோ கேக்கணும். மூக்கு ஒழுக நிக்கற குழந்தையை பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டு, கீழ 'வறுமையிலும் சிரிப்பு'ன்னு எழுதறதை எல்லாம் தயவுசெஞ்சு விட்டுடலாம். உங்க தம்பியை யாராச்சும் அப்படிப் போட்டா எப்படி இருக்கும்?

எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டுங்க. பாதிப் பேர் 'இன்னொண்ணு எடு சாமி, தலை சீவிட்டு வரேன்'னு சொல்வாங்க. அந்த ரெண்டாவது படம்தான் பெரும்பாலும் நல்லா வரும்.

ஒகேனக்கல்: பரிசல்ல போன் எங்க இருக்கணும்?

பேரே கன்னடம்தான். 'ஹொகே'ன்னா புகை, 'கல்'னா கல்லு. தண்ணி விழற வேகத்துல சாரல் புகை மாதிரி எழும்பறதால அந்தப் பேரு. அந்தப் புகைதான் உங்க லென்ஸுக்கு எதிரி. ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி பருத்தித் துணியால துடைக்கணும், சட்டை நுனி ஈரமாகியிருக்கும், அது சரிப்படாது.

கிளம்பறதுக்கு முந்தின நாள் பிலிகுண்டுலுவுல நீர்வரத்து எவ்ளோன்னு செய்தியில பாருங்க. தண்ணி ஜாஸ்தியானா மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளிக்கறதையும் நிறுத்திடும். அந்த நாள்ல போனாலும் பார்க்கலாம், இன்னும் ஆக்ரோஷமா இருக்கும். ஆனா பரிசல் கனவை மறந்துடணும். தடை போட்டிருக்கறப்போ 'நான் கூட்டிட்டுப் போறேன் வாங்க'ன்னு யாராச்சும் தனியா கூப்பிட்டா போகாதீங்க.

பரிசல்ல ஏறினா லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க. 'ஜாக்கெட் இல்லாம ஒரே ஒரு போட்டோ'ன்னுதான் எல்லாம் ஆரம்பிக்கும். போனுக்குக் கழுத்துல மாட்டற வாட்டர்ப்ரூஃப் பை வாங்கிக்குங்க, விலை பெருசா இல்லை. எழுந்து நின்னு எடுக்கக் கூடாது. பரிசல் வட்டமா இருக்கறதால எந்தப் பக்கம் எடை சாஞ்சாலும் சாயும். உக்காந்தபடியே எடுக்க நல்ல விஷயம் ஒண்ணு சொல்லட்டுமா? பரிசல் ஓட்டறவரோட கையும் துடுப்பும். அருவியை எல்லாரும் எடுத்திருப்பாங்க, அந்தக் கையை ரொம்பக் கம்மியான பேருதான் எடுத்திருப்பாங்க.

கரையில மீன் வறுவல், எண்ணெய் மசாஜ், ரெண்டையும் பத்தி தனியா எழுதத் தேவையில்லை. மசாஜுக்கு உக்காந்த ஃப்ரெண்டோட முகத்தை எடுக்கறது மட்டும் உங்க கடமை.

ஃப்ரெண்டு யாரு, கேமராமேன் யாரு?

ரெண்டு பேர் ட்ரிப்ல வழக்கமா ஒருத்தர் போட்டோ பைத்தியம், இன்னொருத்தர் 'போதும்டா, பசிக்குது' பார்ட்டி. ரெண்டாவது நாள் சாயங்காலம் பேச்சு நின்னு போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதோட, எப்பவும் எடுத்துக்கிட்டே இருக்கறவரு எந்தப் படத்துலயும் இருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தா 300 போட்டோவுல அவர் நிழல்கூட இருக்காது.

எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, அரை நாளுக்கு ஒரு தடவை போனைக் கை மாத்தறது. காலையில நீ, மதியம் நான். எடுக்கத் தெரியாதவர் எடுத்த படம் கோணலாத்தான் வரும். பரவாயில்லை, அவர் எதைப் பார்த்தார்னு அதுல தெரியும். ஒவ்வொரு ஸ்டாப்லயும் போட்டோவுக்குப் பத்து நிமிஷம்னு பேசி வெச்சுக்குங்க, அதுக்கு மேல வேணும்னா டீ செலவு அவரோடது. ரெண்டு பேரும் சேர்ந்த படத்துக்குப் போனைக் கல்லு மேல சாய்ச்சு, பத்து செகண்ட் டைமர் வெச்சாப் போதும்.

காசு விஷயத்துல இன்னும் கறாரா இருக்கலாம். கிளம்பறப்பவே ரெண்டு பேரும் ஒரே தொகையைப் போட்டு ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. டீ, பெட்ரோல், ரூம் எல்லாம் அந்தப் பொதுக் காசுல. தீர்ந்தா திரும்ப ஆளுக்குப் பாதி. 'நான்தான் ரெண்டு தடவை ஜிபே பண்ணேன்'ங்கற பேச்சே வராது.

பைக்ல போறவங்களுக்கு: ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். ஓட்டறவர் போனைத் தொடவே கூடாது, படம் எடுக்கறது பின்னாடி உக்காந்தவர் வேலை, அதுவும் நேர் ரோட்டுல. வளைவுல ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். பஸ்ல போறவங்களுக்கு: கண்ணாடிக்கு ரொம்பக் கிட்ட கொண்டு போங்க, ஆனா ஒட்ட வைக்காதீங்க, பஸ் ஆட்டம் படத்துல வந்துடும். பக்கத்துல ஓடற மரம் கலங்கும், தூரத்து மலை தெளிவா வரும்; அதனால தூரத்தையே குறி வைங்க.

ரெண்டு பொண்ணுங்களா போறீங்கன்னா, இந்த வட்டம் பஸ்லயே போகக்கூடியதுதான், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் எல்லாம் பகல்ல நல்ல நடமாட்டம் உள்ள ஊர்கள். அஞ்செட்டி–ஒகேனக்கல் காட்டு வழிக்கு மட்டும் பஸ் நேரத்தை முந்தின நாளே தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கேட்டு வெச்சுக்குங்க. ரூமை முன்கூட்டியே புக் பண்ணி, வீட்டுல ஒருத்தருக்கு லைவ் லொக்கேஷன் போட்டு விடுங்க. 'தனியாவா போறீங்க?'ன்னு கேக்கறவங்களுக்கு 'ரெண்டு பேரு எப்படி தனியாகும்?'னு திருப்பிக் கேக்கலாம்.

காட்டு வழியில டவர் இருக்காது. போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுடும். ஏரோபிளேன் மோடு போட்டுடுங்க. மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணியிருந்தா ஜி.பி.எஸ் அப்பவும் வேலை செய்யும்.

திரும்பற வழி

ஒகேனக்கல்ல இருந்து பென்னாகரம் ஏறி, பாப்பாரப்பட்டி வழியா பாலக்கோடு. பாப்பாரப்பட்டியில பத்து நிமிஷம் நிறுத்துங்க. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல இறந்தது இந்த ஊர்லதான், அவருக்கு இங்க மணிமண்டபம் இருக்கு. சாயங்கால வெயில் சாய்வா விழற நேரம், கட்டடத்தையும் மரத்தையும் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

இன்னும் ரெண்டு நாள் லீவு இருக்குன்னா, தர்மபுரிக்குப் பக்கத்துலயே வத்தல்மலை இருக்கு; காப்பி, மிளகு, பலா, மலைவாழ் மக்களோட கிராமங்கள். இல்லை இன்னும் தூரம்னா, வளைவுகளுக்கு எல்லாம் புலவர்கள், வள்ளல்கள் பேரு வெச்சிருக்கற ஏலகிரி, 70 கொண்டை ஊசி வளைவோட கொல்லிமலை. ஒவ்வொண்ணும் தனி ட்ரிப்பு, இதோட சேர்த்து அடைக்காதீங்க.

வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் உக்காந்து படங்களைக் கழிங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னா அது நடக்காது. 400 படத்துல இருபது தேர்ந்தெடுத்தாப் போதும். மார்க்கெட், ரோடு, ஒரு முகம், ஒரு சாப்பாடு, ஒரு மலை, ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு. தேர்ந்தெடுத்ததை ரெண்டு பேர் போன்லயும், அது போக இன்னொரு இடத்துலயும் ஒரிஜினல் சைஸ்ல வெச்சுக்குங்க.

அந்த இருபதுல அஞ்சாறு படத்தை தர்மபுரியிலயோ பாலக்கோட்டுலயோ ஏதாச்சும் ஸ்டூடியோவுல கொடுத்து பிரின்ட் போடுங்க. அஞ்செட்டி டீக்கடை அக்கா, பரிசல்காரர், மார்க்கெட்ல கிரேடு தூக்கின அண்ணன், இவங்களுக்கு எல்லாம் ஆளுக்கு ஒண்ணு. மார்க்கெட் நம்ம ஊர்தான், நாளைக்கே கொடுத்துடலாம். மத்தவங்களுக்கு தபால்ல அனுப்பறதா இருந்தா, படம் எடுத்த உடனேயே கடைப் பேரையும் பின்கோடையும் கேட்டு போன்ல குறிச்சுக்குங்க. ஊருக்கு வந்தப்புறம் கண்டுபிடிக்க முடியாது.